எத்தியோப்பியப் பட்டமளிப்பில் திருவொற்றியூர் வாத்தியார்

ஹராமாயா, கொண்டார், ஜிம்மா என்று எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் பாடம் நடத்தப் போகும் நம் பக்கத்து ஆட்களுக்கு, போய்வந்தவன் சொல்வது:

செய்ய வேண்டியவை

● நேரத்தை இரண்டு தடவை கேளுங்கள். அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்கும். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1. "3 மணிக்கு விழா" என்றார்கள். மதியம் 3 மணிக்கு அங்கி மாட்டிக்கொண்டு போய் நின்றேன். மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விழா காலை 9 மணிக்கே தொடங்கி முடிந்திருந்தது.

● ஸ்வெட்டர். ஜூலை அங்கே மழைக்காலம். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எண்ணூர் வெயிலில் காய்ந்த உடம்பு நடுங்கிவிடும்.

● மாணவரை முதல் பெயரால் கூப்பிடுங்கள். அடுத்து வருவது அப்பா பெயர், அதற்கடுத்தது தாத்தா பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, நம் இனிஷியல் கதைதான். கடைசிப் பெயரைச் சொல்லி வாழ்த்தினால் வாழ்த்து தாத்தாவுக்குப் போய்விடும்.

● மேடையைவிடப் பெற்றோர் பக்கம் நில்லுங்கள். பிள்ளை பட்டம் வாங்கியதும் அம்மாக்கள் நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்புவார்கள். 'இலில்தா' என்று பெயர். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கேட்கிற அதே குலவை. அடுத்த வருடம் நேரத்துக்குப் போய் அதை முதன்முதலாகக் கேட்டபோது, நம்மூர்ப் பெண்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பித் தேடினேன். வாழ்த்த வேண்டுமானால் பையனுக்கு "எங்குவான் தஸ் அலெஹ்", பெண்ணுக்கு "அலெஷ்". மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

செய்யக்கூடாதவை

● பேனரில் உள்ள ஆண்டைப் பார்த்து அச்சுப்பிழை என்று கிளம்பாதீர்கள். 13 மாத நாட்காட்டி. நம் 2024 ஜூலை அங்கே 2016.

● விருந்தில் வாயருகே வரும் கவளத்தை மறுக்காதீர்கள். இன்ஜெரா என்பது புளித்த தெஃப் மாவில் சுடும் பெரிய ஆப்பம் மாதிரி. அதைக் கறியில் தோய்த்து ஊட்டிவிடுவதற்கு 'குர்ஷா' என்று பெயர். சைவமா? 'யெட்சோம்' (நோன்புச் சாப்பாடு) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதனும் வெள்ளியும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு நாள் என்பதால் பருப்பு, கீரை, கடலைமாவு ஷிரோ எல்லாம் அவர்களுக்குக் கைவந்த சமையல்.

● காபிக்கு உட்கார்ந்தால் பாதியில் எழாதீர்கள். அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்று. பரக்கா என்றாலே ஆசி. ஒருமுறை இரண்டாவதோடு செருப்பைத் தேடினேன். பட்டம் வாங்கியவனின் பாட்டி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்.