இருப்பில் இல்லாத மருந்தும் நோயாளியின் உரிமையும்

பேட்டையில் நம் மளிகைக் கடைகளில் கேட்ட கம்பெனி எண்ணெய் இல்லாவிட்டால் வேறொன்றை எடுத்துத் தருகிறோம், வாங்குகிறவரும் சம்மதிக்கிறார். மருந்துக் கடையில் அது செல்லாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதிப்படி, 'எச்', 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளுக்கு, சீட்டில் எழுதியதற்குப் பதிலாக அதே மூலப்பொருள் உள்ள வேறு தயாரிப்பையும் தரக் கூடாது.

ஆகவே இருப்பு இல்லாதபோது நாம் கவனிக்க வேண்டியவை:

1. இல்லையென்று உடனே சொல்லிச் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 சாசனமும் இதைச் சொல்கிறது.

2. அதே மருந்து வேறு பெயரில் இருந்தால், டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்கி வரச் சொல்லலாம். நாமே மாற்றக் கூடாது.

3. பத்து நாள் மாத்திரையில் நாலு நாளைக்கே இருந்தால், கொடுத்த எண்ணிக்கையையும் தேதியையும் சீட்டில் குறித்துத் தருவோம்.

4. போதிய காரணமின்றி இருப்பை மறைப்பதையும், தட்டுப்பாட்டைச் சாக்கிட்டு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதையும் 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை தடுக்கிறது. சில்லறைக் கடைக்குச் சரக்குத் தர மறுக்கும் மொத்த வியாபாரிக்கும் இது பொருந்தும்.

வலிப்பு மாத்திரை ஒருநாள் தவறினாலும் வலிப்பு திரும்ப வரக்கூடும். நிச்சயமில்லாமல் "நாளைக்கு வந்துவிடும்" என்று சொல்லி வாடிக்கையாளரை நிறுத்தி வைப்பது வியாபாரமல்ல.