தவில் அடிக்குத் தாங்குமா?

என்னிடம் ஜூம் எச்1என் ரெக்கார்டர் இருக்கிறது. கோயில்களில் நாதஸ்வரக் கச்சேரி பதிவு செய்கிறேன். புதிய எச்1எசென்ஷியல் வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

தாராளமாக வாங்குங்கள். காரணம், தவில்காரர்! ஆலாபனைக்கு ஏற்ப ஒலிப்பதிவு அளவை வைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக உட்காருவீர்கள். தனி ஆவர்த்தனத்தில் அவர் ஓங்கி ஒரு அடி கொடுத்தால், உங்கள் கருவியில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

2010-இல் வந்த எச்1, 2018-இல் வந்த எச்1என் இரண்டுமே 24 பிட். அளவை முன்கூட்டியே சரியாக வைத்தாக வேண்டும். 2024-இல் வந்த எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்; அளவு வைக்கும் வேலையே இல்லை. வீட்டுக்கு வந்து கணினியில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால், மைக் தாங்கும் உச்ச ஒலி உங்கள் எச்1என், எசென்ஷியல் இரண்டிலும் 120 டெசிபல்தான். எனவே தவிலுக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். சில அடி தள்ளி வையுங்கள்.

புதியதில் எம்பி3 கிடையாது, வேவ் மட்டும்தான். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1.4 ஜிபி பிடிக்கும். கவலை வேண்டாம், பழையதில் 32 ஜிபி கார்டு வரைதான், இதில் 1 டிபி வரை போடலாம். கணினியுடன் இணைக்க டைப்-சி கேபிளே போதும். பேட்டரி அதே இரண்டு டிரிபிள்-ஏ.

பழையதை விற்றுவிடாதீர்கள். பட்டிமன்றம், சொற்பொழிவுக்கெல்லாம் அதுவே போதும். அங்கே தவில் கிடையாதே!