வீட்டு லேப்டாப்பில் கம்பைலர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில், சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தான் வழியாகக் கம்பைல் செய்து ஓட்டும் பாடம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்து பார்க்க விண்டோஸில் மின்ஜிடபிள்யூ கம்பைலர் வேண்டும். பள்ளி லேபில் ஏற்றி வைத்திருப்பார்கள். வீட்டு லேப்டாப்பில் நீங்கள்தான் ஏற்ற வேண்டும். இதற்காக எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிப் போய், காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு, கூடவே வைரஸையும் கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மின்ஜிடபிள்யூவுக்குள் இருக்கும் ஜிசிசி, பைத்தான் இரண்டுமே ஓப்பன் சோர்ஸ், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்தபடி இன்றே ஏற்றிவிடலாம்.

செய்ய வேண்டியவை

• முதலில் உங்கள் கணினியை விசாரியுங்கள். எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா, ரேம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 ஓடும் பழைய அரசு லேப்டாப் என்றால் பைத்தான் 3.8-தான் கடைசி, 3.9 முதல் அதில் ஏறாது. அந்த லேப்டாப்பில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வதே நல்லது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது உண்டு. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது அது. பல வீடுகளில் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

• தயாராகக் கிடைப்பதை முதலில் தேடுங்கள். உபுண்டு, டெபியனில் 'பில்ட் எசென்ஷியல்' என்ற ஒரு பேக்கேஜைப் போட்டால் ஜிசிசி, ஜி பிளஸ் பிளஸ், மேக் மூன்றும் வந்துவிடும். அதே வேலைக்கு விண்டோஸில் எம்சிஸ்2 (மின்ஜிடபிள்யூ அதன் வழியாகக் கிடைக்கும்), மேக்புக்கில் ஹோம்புரூ. சோர்ஸ் கோடை இறக்கிக் கம்பைல் செய்வது, உங்களுக்கு வேண்டிய பதிப்பு இவற்றில் இல்லாதபோது மட்டும்.

• விண்டோஸில் எம்சிஸ்2-ஐ சி டிரைவிலேயே நேராக, இடைவெளி இல்லாத பெயரில் ஏற்றுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் எம்சிஸ்2 தகராறு செய்யும்.

• கம்பைலர் இருக்கும் 'பின்' ஃபோல்டரைப் பாத்தில் (கட்டளைகளைக் கணினி தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்துவிட்டு, கமாண்ட் விண்டோவை மூடித் திறங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவுக்குப் புதிய பாத் தெரியாது. 'எல்லாம் சரியாகச் செய்தேன், ஓடவில்லை' என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

• பைத்தான் இன்ஸ்டாலரின் முதல் திரையில், பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். விட்டுவிட்டால் கமாண்ட் விண்டோவுக்குப் பைத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

• இறக்கிய ஃபைலின் ஷா256 எண்ணை, தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்கும் இணைப்பைத் திருட்டுவழி வைத்த ஐஎஸ்ஓ பக்கம் திருப்பிவிட்டார்கள். எண்ணைச் சரிபார்க்கும் கருவி விண்டோஸ், லினக்ஸ், மேக்புக் மூன்றிலும் கணினியோடே வருகிறது. டிஜிட்டல் கையொப்பமும் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். தளத்தையே பிடித்தவன் அங்கே போட்டிருக்கும் எண்ணையும் மாற்றிவிட முடியும்.

• சோர்ஸிலிருந்து கட்டும்போது, 'பிரிஃபிக்ஸ்' கொடுத்து உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஏற்றுங்கள். பிழையானால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும், சிஸ்டத்துக்குச் சேதம் வராது.

• 'கன்ஃபிகர்' முடிந்ததும், 'மேக்' முடிந்ததும் கடைசி வரிகளைப் படியுங்கள். பைத்தானையே சோர்ஸிலிருந்து கட்டுகிறீர்கள், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'டெவ்' பேக்கேஜ் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எர்ரர் காட்டி நிற்காது. எஸ்எஸ்எல் இல்லாமலே கட்டி முடித்துவிட்டு, அதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லும். அதைப் பார்க்காமல் விட்டால், பிறகு பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் எதையும் இறக்காது. நீங்கள் நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உபுண்டுவில் 'டெவ்', ஃபெடோராவில் 'டெவெல்' என்று முடியும் பேக்கேஜ்களை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

• எர்ரர் வந்தால் மேலே போய் முதல் எர்ரரைப் படியுங்கள். கீழே இருக்கும் நாற்பது வரியும் பெரும்பாலும் அந்த ஒன்றின் பிள்ளைகள்.

• மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டுப் பெரிய கம்பைலைத் தொடங்குங்கள். ஜிசிசியைச் சோர்ஸிலிருந்து கட்டினால் பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும். பாதியில் நின்றால் பதற வேண்டாம். 'மேக்' என்று மறுபடி கொடுத்தால் முடிந்தவரை விட்டுவிட்டு மீதியைத்தான் எடுக்கும்.

• செல்போன் ஹாட்ஸ்பாட் என்றால், இறக்கும் முன் அளவைப் பாருங்கள். மேக்புக்கில் முழு எக்ஸ்கோடு வேண்டாம், அது பல ஜிபி. 'கமாண்ட் லைன் டூல்ஸ்' மட்டும் போதும். விண்டோஸில் சி பிளஸ் பிளஸுக்காக விஷுவல் ஸ்டுடியோ முழுவதையும் இறக்கினாலும் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

• ஏற்றி முடித்ததும் ஒரு தமிழ் வரியை அச்சிட்டுப் பாருங்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி பைத்தானின் மேல் ஓடுவது. பிப் மூலம் கிடைக்கும். அதில் 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் அச்சாகும். கட்டம் கட்டமாக வந்தால் விண்டோஸ் கன்சோலின் எழுத்துருவைப் பாருங்கள், குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். பைத்தான் நிரலில் ஃபைலைத் திறக்கும்போதும் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். விண்டோஸில் அது தானாக அமைந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

• புரியாததைத் தமிழிலேயே படியுங்கள். 'எளிய தமிழில்' என்ற வரிசையில் கணியம் வெளியிட்ட லினக்ஸ், பைத்தான் புத்தகங்கள் இலவசம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பலவற்றுக்குத் தமிழ் ஒலி இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• நண்பர் பென்டிரைவில் தரும் கம்பைலரை ஏற்றாதீர்கள். நெட் மெதுவாக இருக்கும்போதுதான் இந்த ஆசை வரும். 2015-இல் சீனாவில் நடந்தது இதுதான். ஆப்பிளிடமிருந்து எக்ஸ்கோடு இறங்க நேரம் பிடிக்கிறது என்று, உள்ளூரில் பகிர்ந்திருந்த பிரதியைப் பலர் எடுத்தார்கள். அந்தப் பிரதியைக் கெடுத்து வைத்திருந்தார்கள். எழுதியவர்களின் நிரலில் தப்பே இல்லை. கம்பைல் ஆகி வெளியே வந்த செயலியில் மட்டும் எக்ஸ்கோடுகோஸ்ட் என்ற கேடு சேர்ந்திருந்தது. வீசாட் போன்ற பெரிய செயலிகூட மாட்டிக்கொண்டது. கெட்ட விளையாட்டு செயலியை ஏற்றினால் கெடுவது உங்கள் ஒரு கணினி. கெட்ட கம்பைலரை ஏற்றினால், நீங்கள் செய்து கொடுக்கும் ஒவ்வொன்றும் கெட்டதாகப் போகும்.

• ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். நேர்மையான எந்தக் கம்பைலருக்கும் அது தேவையில்லை.

• எங்கேயோ பார்த்த கட்டளையை 'சூடோ' போட்டு அப்படியே ஒட்டாதீர்கள். அது உங்கள் முழுக் கணினியின் சாவி. ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு என்டர் தட்டுங்கள்.

• லினக்ஸோடு வந்த பைத்தானை அழிக்காதீர்கள். புதியது போடலாம் என்று பழையதை நீக்கிய ஒரு மாணவிக்கு, மறுமுறை கணினியைப் போட்டபோது டெஸ்க்டாப்பே வரவில்லை. சிஸ்டத்தின் பல கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. புதியதைப் பக்கத்தில் தனியாக வையுங்கள்.

• பிப் மறுத்தால் வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் எதையும் போட விடாது. அந்தத் தடையை உடைக்கும் வழியும் பிப் காட்டும் எர்ரர் செய்தியிலேயே இருக்கும், தொடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் திறந்துகொள்ளுங்கள்.

• 4 ஜிபி ரேமில் எல்லாக் கோர்களையும் போட்டு 'மேக்' ஓட்டாதீர்கள். நினைவகம் தீர்ந்து, 'கில்டு' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை போதும். நேரம் கூடினாலும் முடியும்.

• டர்போ சி-யில் ஓடியதை அப்படியே ஜிசிசியில் எதிர்பார்க்காதீர்கள். டர்போ சி டாஸ் காலத்து 16 பிட் கம்பைலர். அங்கே 'இன்ட்' இரண்டு பைட், இங்கே நான்கு. 'கோனியோ' ஹெடரை லினக்ஸில் தேடி அலையாதீர்கள், கிடையாது.

• புராஜெக்ட் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கே மனசில்லை. 'எரியோடு' என்று ஒரு ஃபோல்டர் வைத்துப் பாருங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். மேக்புக்கின் பழைய டிஸ்க் முறை அதை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். கண்ணுக்கு எரியோடு தெரியும், கம்பைலர் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று சாதிக்கும். நிரலுக்குள்ளே தமிழ் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஃபோல்டர் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

• விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸில் நேராக ஓட்டாதீர்கள். வரி முடிவில் விண்டோஸ் ஒரு குறியைக் கூடுதலாகச் சேர்த்துவிடும். எடிட்டரில் வரி முடிவை 'எல்எஃப்' என்று மாற்றிச் சேமித்துக்கொண்டு ஓட்டுங்கள்.

• நேற்று வந்த பதிப்பை, பரீட்சைக்கு வைத்திருக்கும் கணினியில் இன்று போடாதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுவழி இருப்பது 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒரு பொறியாளரால் தெரிந்தது அது. நிதானமாகப் புதுப்பிக்கும் டெபியன் ஸ்டேபிளை அது தொடவில்லை.

• உதவி கேட்கும்போது திரையை போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். எர்ரரை எழுத்தாகவே நகலெடுத்து, எந்தச் சிஸ்டம், எந்தப் பதிப்பு என்று சேர்த்து அனுப்புங்கள். அப்போதுதான் பதில் சொல்பவர் தேடிப் பார்த்துச் சொல்ல முடியும்.

இன்று மாலையே கமாண்ட் விண்டோவைத் திறந்து, ஜி பிளஸ் பிளஸிடம் அதன் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். எண் வந்தால் செய்முறைத் தேர்வுக்கு உங்கள் லேப்டாப் தயார். வராவிட்டால் பாத்தை மறுபடி பாருங்கள். திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டாம்.