ஈசாக்கின் ருசியும் நம் வீட்டுச் செல்போனும்



வீட்டுக் கூட்டங்களுக்குப் போகும்போது தாய்மார்கள் அதிகமாய்ச் சொல்லும் ஜெபக் குறிப்பு இப்போது இதுதான். "ஐயா, பையன் எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டே கெடக்குறான். கேம் கேம்னு சாப்பாடு கூட இறங்கல. அவனுக்காக ஜெபம் பண்ணுங்க." ஜெபிக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "அந்த போன் யாருதும்மா? அதுல நீங்களும் வீட்டுக்காரரும் என்ன விளையாடுறீங்க?" சிலர் சிரிப்பார்கள். சிலர், "நாங்க எங்கய்யா விளையாடுறோம்" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உடனே அம்மாவின் முகத்தைப் பார்க்கும். எனக்குப் பதில் அந்தப் பார்வையிலேயே கிடைத்துவிடும்.

பிள்ளை எந்த விளையாட்டைக் கையில் எடுக்கிறது என்பதில் நம்முடைய கண்டிப்பைவிட நம்முடைய ருசிக்கே அதிகப் பங்கு உண்டு. இந்த மாதப் பாடத்தில் இதைத்தான் சற்றே சிந்திக்கப் போகிறோம்.

ஆதியாகமம் 25-ம் அதிகாரத்தில் ஈசாக்கின் வீட்டைக் கவனியுங்கள். ஈசாக்குக்கு வேட்டை இறைச்சி என்றால் பிரியம். அதனாலேயே மூத்தவன் ஏசாவின் மேல் அவருக்குப் பட்சம். ஏசாவை உட்கார வைத்து, "மகனே, நீ வேட்டைக்காரனாகு" என்று அவர் பாடம் நடத்தியதாக வேதத்தில் எங்கும் இல்லை. அப்பா எதைத் தின்றால் முகம் மலர்கிறது என்று மகன் கண்டுகொண்டான், வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனான் என்றே நான் வாசிக்கிறேன். 27-ம் அதிகாரத்தில் அதே ருசியை வைத்துத்தான் ரெபேக்காள் ஆட்டுக்குட்டியைச் சமைத்து இளையவன் கையில் கொடுத்தனுப்புகிறாள். ஒரு தகப்பனுடைய நாக்கின் ருசி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்!

நம் தஞ்சாவூர் சீமையிலும் விளையாட்டு எப்போதும் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. பல்லாங்குழியைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாயிக்கோ அம்மாச்சிக்கோ அது பிடித்திருந்தால், மதிய வேளையில் பதினான்கு குழிப் பலகையும் புளியங்கொட்டையும் திண்ணைக்கு வந்துவிடும். பேத்தி பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தே கற்றுக்கொள்வாள். மூன்று புலி, பதினைந்து ஆடு என்று தரையில் கட்டம் கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டமும் அப்படியே. தாத்தாவுக்குப் பிடிக்காத வீட்டில் பேரனுக்கும் அது தெரியாது.

நல்லது இப்படி இறங்குகிறதென்றால் மற்றதும் அதே வாய்க்காலில்தான் இறங்கும். சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த பிறகு, ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் வரைக்கும் பல ஊர்களில் ஆம்பிளைகளுக்குக் கையில் நேரம் உண்டு. மர நிழலில் துண்டை விரித்துச் சீட்டுப் போடுவார்கள். டீ வாங்கி வரப் போன பையன் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் எட்டாவது முடிப்பதற்குள் எந்தச் சீட்டுக்கு எந்தச் சீட்டு சேரும் என்று அவனுக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்த 90-களிலேயே இதைக் கண்ணால் பார்த்தவன்.

அந்தத் துண்டும் மர நிழலும் இப்போது சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. என்னிடம் ஜெபத்துக்கு வந்த ஒரு குடும்பத்தில், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. சில ராத்திரிகளுக்குள் போன் ரம்மியில் பெரும்பகுதி போயிற்று. விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணம். அதைவிட என்னை உலுக்கியது அந்த வீட்டு ஆறாம் வகுப்புப் பையன். ரம்மியில் சீட்டை எப்படி அடுக்குவது என்று அவன் எனக்கு விளக்கினான்! "யார் தம்பி சொல்லிக் கொடுத்தா?" என்றேன். "யாரும் சொல்லித் தரல ஐயா. அப்பா பக்கத்துல படுத்துக்கிட்டே பாத்தேன்." தகப்பன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்.

சட்டம் தன் பங்கைச் செய்யப் பார்த்தது. 2021-ல் தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி நிறைவேற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில்தான் கவர்னரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்ற பகுதியை நீக்கிவிட்டது. 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடுவதற்குப் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட முடியாது என்று விதிகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய கம்பெனிகள் அந்த ஆட்டங்களை நிறுத்தின. நல்லதுதான். ஆனால் பணத்தைத் தடுக்கிற சட்டத்தால் ருசியைத் தடுக்க முடியாது. அப்பா பக்கத்தில் படுத்துப் பார்த்ததை எந்த நீதிமன்றம் அந்தப் பையனின் மனசிலிருந்து அழிக்கும்?

இன்னொரு காரியம் பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளை நம் போனில்தான் விளையாடுகிறது. அந்த போனில் இருப்பது நம்முடைய கணக்கு. நம்முடைய பிறந்த தேதி. ஆகவே நாற்பத்திரண்டு வயது மனுஷன் ஒருவர் ஆடுகிறார் என்றே அந்தக் கடை நினைத்துக்கொள்கிறது. நாம் எதை இறக்கினோம், எதைத் தேடினோம் என்று பார்த்து, அதே ஜாதியில் இன்னும் பத்துச் சரக்கை முன்னால் பரப்புகிறது. அப்பா சீட்டாடினால் சீட்டாட்டம் வந்து நிற்கும். அம்மா கலர் மிட்டாய் உடைத்தால் மிட்டாய், பழம், கண்ணாடிக் குண்டு என்று வரிசையாய் வரும். பிள்ளை போனைத் திறந்தவுடன் நம்முடைய ருசிக்குப் போட்ட பந்தியில்தான் போய் உட்காருகிறது.

துப்பாக்கி விளையாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி உட்பட 118 ஆப்களைத் தடை செய்தது. பையன்கள் ஃப்ரீ ஃபயருக்குத் தாவினார்கள். 2022 பிப்ரவரியில் அதுவும் தடை செய்யப்பட, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கையில் இருந்தது. பப்ஜியே 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது. கதவை அடைக்க அடைக்க ஜன்னல் திறக்கிறது. சுட்டு விளையாடுகிற பிள்ளையெல்லாம் கொலைகாரனாகும் என்று மேடையில் முழங்குகிற பிரசங்கிமார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விளையாட்டுகளுக்கும் நிஜ வன்முறைக் குற்றங்களுக்கும் முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-ல் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன மூர்க்கங்களோடு ஒரு சிறு தொடர்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொன்னது. என் கேள்வி வேறு. ராத்திரி எட்டு மணிக்கு வெட்டும் குத்தும் நிறைந்த படத்தைக் குடும்பமாய் உட்கார்ந்து ரசித்துவிட்டு, ஒன்பது மணிக்குப் பையனைப் பார்த்து, "ஏன்டா சுடுற கேம் ஆடுற?" என்று அதட்டினால், அவன் எதை நம்புவான்? நம் அதட்டலையா, நம் ரசனையையா?

இதே காவிரிக் கரையில் வேறொரு சாட்சியும் உண்டு. 1969 டிசம்பர் 11-ல் நம் மயிலாடுதுறையில் பிறந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். அவருக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தது அவருடைய தாயார் சுசீலா. அப்போது பையனுக்கு ஆறு வயது. பிறகு தகப்பனாரின் வேலை நிமித்தம் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் இருந்தது. அங்கே டெலிவிஷனில் பகல் வேளையில் சதுரங்க நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து பார்த்து, ஆட்டங்களையும் புதிர்களையும் ஒரு தாளில் எழுதி வைப்பார். சாயங்காலம் இரண்டு பேருமாய் அதை அவிழ்ப்பார்கள். பரிசாய்க் கொடுத்த புத்தகங்களை இவரே வென்றுகொண்டிருந்தபடியால், "வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கோ, இனிமேல் விடை அனுப்பாதே" என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார்களாம்! 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பிற்பாடு உலக சாம்பியன் என்பதெல்லாம் நீங்கள் அறிந்தது. நான் நினைப்பது அந்தத் தாளைப் பற்றி. அந்தத் தாய்க்கு உண்மையாகவே சதுரங்கம் பிடித்திருந்தது, அதனால்தான் எழுதினார். பிள்ளையைச் சதுரங்க வகுப்பில் விட்டுவிட்டு, வாசலில் பைக் மேல் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளுகிற நம்மால் அந்தத் தாளை எழுத முடியாது.

எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வைஷாலி டிவி அதிகம் பார்க்கிறாள் என்றுதான் பெற்றோர் அவளைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். தம்பி பிரக்ஞானந்தா அக்காவைப் பார்த்துத் தொற்றிக்கொண்டான். அங்கேயும் ருசி வீட்டுக்குள் இருந்துதான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது வீட்டுக்கு வீடு லூடோ ஆடினார்கள். தாயத்தின் தூரத்துச் சொந்தம்தான் அது. அப்பா, அம்மா, அப்பாயி எல்லாரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து, வெட்டுப்பட்டவர் கத்த, மற்றவர் சிரிக்க, அந்த வீடுகளில் பிள்ளை தனியே மூலையில் போய் விளையாடியதை நான் காணவில்லை. போனே பிசாசு என்று சொல்லிவிட்டு இந்தச் சிரிப்பையும் தூக்கி எறிய எனக்கு மனமில்லை.

ஆகவே, தகப்பன்மாரே, இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ஆப்களின் பட்டியலைப் பாருங்கள். இப்போது இருப்பவை மட்டுமல்ல, நீங்கள் ஏற்றி எடுத்துவிட்டவையும் அங்கே தெரியும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். பிள்ளைக்கு அவன் வயதைப் போட்டுத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், பத்து நிமிஷ வேலை.

அடுத்த மாதக் குடும்பக் கூட்டத்துக்கு வருகிறவர்கள், பரணில் தாயக்கட்டையோ பல்லாங்குழிப் பலகையோ கிடந்தால் தூசி தட்டிக் கொண்டுவாருங்கள். சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை போதும்.