ஒண்ணாங் கிளாஸ் போகும் முன்னே...

ஜூனில் உங்கள் செல்லம் ஒன்றாம் வகுப்பா? உடனே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடாதீர்கள். 'அ, ஆ'வை டீச்சர் பார்த்துக் கொள்வார். இந்த லீவில் நீங்கள் பழக்க வேண்டியது வேறு.

கை: பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு உருட்டட்டும், சட்டைப் பித்தானைத் தானே போடட்டும். விரலில் வலு இருந்தால்தான் பென்சில் பிடிக்க வரும்.

கண்: ஒரு கண்ணில் பார்வை மங்கலாக இருந்தாலும் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, மறு கண்ணால் சமாளித்துவிடும். சின்ன வயசிலேயே கண்டுபிடித்தால் சரிசெய்வது சுலபம். ஸ்கூல் திறக்கும் முன் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பாத்ரூம்: இதுதான் ரொம்ப முக்கியம். 'மிஸ், ஒண்ணுக்குப் போகணும்' என்று கேட்கக் கூச்சப்பட்டு அடக்கி வைக்கும் குழந்தைகள் ஏராளம். அதற்குப் பயந்து தண்ணீரும் குடிக்காது. விளைவு? மலச்சிக்கல், சிறுநீரில் இன்ஃபெக்‌ஷன். பெண் குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நீங்கள் டீச்சராக நடித்து, கூச்சமில்லாமல் கேட்கப் பழக்குங்கள். தானே உடையை அவிழ்த்து, கழுவி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

தூக்கம்: தினம் 10 மணி நேரமாவது வேண்டும். ஸ்கூல் திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே ராத்திரி டி.வி.யையும் செல்போனையும் சீக்கிரம் அணைத்துவிடுங்கள்.

ஊசி: 5 வயது முடிந்ததும் போடும் முத்தடுப்பு பூஸ்டர் ஊசி போட்டாயிற்றா? தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.