மங்கும் ஒலியைப் பிடியுங்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்துதானே? உச்சரிப்பு மட்டும் ஏன் இவ்வளவு தடுமாற வைக்கிறது?

பதில்: எழுத்துதான் ஐந்து, பிரிட்டிஷ் செந்தர உச்சரிப்பில் உயிரொலிகள் சுமார் 20. எழுத்தை நம்பிப் படிப்பவர் ஏமாறத்தான் செய்வார். ‘ஷிப்’, ‘ஷீப்’ வேறுபாடு குறில் நெடில் அறிந்த நமக்குப் பெரும்பாடு அல்ல (நீளத்தோடு ஒலியின் தன்மையும் சற்று மாறும் என்பது வேறு விஷயம்). நம்மைக் கவிழ்ப்பது அழுத்தம் பெறாத அசை. ‘பனானா’வில் நடு அசைக்கே அழுத்தம், முன்னும் பின்னும் உள்ளவை வாய் தளர்ந்து மங்கிவிடும். நாமோ மூன்றையும் முழுதாக ஒலிக்கிறோம். இத்தனைக்கும் இந்த மங்கல் நமக்குப் புதிதல்ல. ‘பாட்டு’ என்னும்போது கடைசி உகரம் இதழ் குவியாமல் குறுகுகிறதே, அதைத்தான் தொல்காப்பியம் குற்றியலுகரம் என்று பெயரிட்டு அரை மாத்திரை என அளந்தது.

இந்திய ஆங்கிலமும் ஆங்கிலம்தானே, ஏன் மாற வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். பன்னாட்டுப் பேச்சில் புரியவைக்க இந்த மங்கல் ஒலி கட்டாயமில்லை, நீளவேறுபாடே முக்கியம் என்று மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியான நூலில் வாதிட்டார். பேசுவதற்கு அதை ஏற்கிறேன். கேட்பதற்கு ஏற்க முடியாது: லண்டன்காரர் விழுங்கும் அசையைக் காது எதிர்பார்க்காவிட்டால் தெரிந்த சொல்லே தெரியாததாகிவிடும். அகராதியில் கவிழ்த்துப்போட்ட ஆங்கில ‘e’ எழுத்தாக (ə) நிற்கும் இந்த மங்கல் ஒலியின் குறியை முதலில் தேடுங்கள்.