வீட்டு மின்கம்பி வழியே செய்தி

காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் 1902-ஆம் ஆண்டு உற்பத்தியான மின்சாரம் முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. 1905 ஆகஸ்டு 5-ஆம் நாள் பெங்களூர் நகரில் விளக்கேற்றியது. ஆற்றலைச் சுமக்கும் கம்பி செய்தியையும் சுமக்கக் கூடும். உயர் மின்னழுத்தப் பாதைகளில் மின்நிலையங்கள் இம்முறையில் பேசிக்கொள்வது நெடுநாளைய வழக்கமாகும்.

வீட்டிலும் இது இயலுமா? தத்துவம் எளியது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அளவினது. விநாடிக்கு 50 முறை அலைவது. அதன்மீது விநாடிக்கு ஒரு லட்சம் முறை அலையும் சிற்றலையை ஏற்றுவதாகக் கொள்வோம். மின்தேக்கி ஒன்று சிற்றலைக்குக் காட்டும் தடையைப்போல் 2,000 மடங்கு தடையை வீட்டு மின்சாரத்துக்குக் காட்டும். ஆதலின் மறுமுனையில் சிற்றலையைப் பிரித்தெடுத்தல் எளிதாகிறது.

இடையூறு இரைச்சலே. மிக்ஸி, எல்.இ.டி. விளக்கு, கைப்பேசியின் சார்ஜர் ஆகியவை கம்பியில் வேண்டாத அலைகளைக் கலக்கின்றன. மும்முனை இணைப்புள்ள வீட்டில், ஒரு முனையில் ஏற்றிய செய்தி மற்றொரு முனையில் நலிந்தே கிடைக்கும்.

இங்கே மென்பொருள் வானொலி துணை செய்கிறது. பழைய வானொலியில் சுருளும் மின்தேக்கியும் செய்த வேலையை இதில் கணிப்பொறி செய்கிறது. அலை எண்களாக மாற்றப்படுவதால், இரைச்சல் எந்த அலைவெண்ணில், எந்தக் கணத்தில் மிகுகிறது என்பதைத் திரையில் காணலாம். மின்னழுத்தம் ஒவ்வோர் அலைவிலும் இருமுறை உச்சம் அடைவதால், இரைச்சலில் ஒரு பகுதி விநாடிக்கு 100 முறை மீண்டும் மீண்டும் வருகிறது. இடைப்பட்ட அமைதியான கணங்களையும், இரைச்சல் குறைந்த அலைவெண்களையும் தேர்ந்து செய்தி அனுப்பலாம்.

எனினும் அனுப்பும் அலையின் வலிமைக்கும் அலைவெண்ணுக்கும் வரம்பு வேண்டும். இன்றேல் வீட்டுக் கம்பியே ஏரியலாகி, அண்டை வீட்டாரின் வானொலியைக் கெடுக்கும்.

ஆசிரியர்களுக்கு எச்சரிக்கை: வானொலிக் கருவியை மின்செருகியுடன் நேராக இணைத்தல் உயிருக்கு ஆபத்தானது. மின்தேக்கி பழுதுற்றால் 230 வோல்ட்டும் கருவியைத் தொடும் கைக்கு வந்து சேரும். தனிப்படுத்தும் மின்மாற்றியும் உருகியும் அமைத்து இணைப்பது பயிற்சி பெற்ற மின்பொறியாளரின் வேலை, வகுப்பறைக்கு உரியதன்று.

வகுப்பறைக்கு ஏற்ற சோதனை: பாட்டரியால் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலியை மத்திய அலையில், நிலையம் எதுவும் கேளாத இடத்தில் நிறுத்துக. எரியும் எல்.இ.டி. விளக்கு, ஓடும் மின்விசிறி, சார்ஜர் ஆகியவற்றின் அருகே ஒவ்வொன்றாகக் கொண்டு செல்க. எதனருகில் எவ்வளவு தொலைவு வரை இரைச்சல் கேட்கிறது என்பதை மாணவர் அட்டவணையிடட்டும். கம்பியில் செய்தி அனுப்ப முயல்வோர் வெல்ல வேண்டிய பகை எது என்பதை அவர்கள் தம் காதாலேயே அறிவர்.